கம்பி மயிர் நாயும் சடைச் சிக்கும்

நாயை அறியாத வீடு நம் நாட்டில் இல்லை. வாயிலைக் காக்கும் காவலன் என்றும், வைரவப் பெருமானின் வாகனம் என்றும் நாம் அதனைப் போற்றுகின்றோம். ஆயினும், நாய்க்கு நாம் செய்யவேண்டிய கடமை உணவிடுவதோடு முடிந்துவிடுகின்றதென்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். குட்டையான உரோமமுடைய நம் ஊர் நாயைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் ஓரளவு பொருந்தக் கூடும். அது தன் மேனியைத் தானே நக்கியும், உதறியும், மணலிற் புரண்டும் துப்புரவு செய்துகொள்ளும். மேனாட்டு நாயினங்கள் பலவற்றின் நிலை அத்தகையதன்று. அவை, மனிதன் தன் தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற இயல்புகளைத் தெரிந்தெடுத்துப் பல தலைமுறைகளாக இனம்பெருக்கி உருவாக்கியவை. மனிதன் ஆக்கிய அந்த உரோமத்தை மனிதனே பேணவும் வேண்டும். நாயினால் அது இயலாது.

இவ்வினங்களுள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது கம்பி மயிர் நாய். டின்டின் சித்திரக் கதைகளைப் படித்த சிறுவர்கள் யாவரும் இதனை அறிவர். பெல்ஜியம் நாட்டு ஓவியர் ஏர்ஜே 1929ஆம் ஆண்டிலே படைத்த அக்கதைகளில், தலைவனோடு இணைபிரியாது திரியும் ஸ்னோவி என்னும் வெண்ணிற நாய் இவ்வினத்தைச் சேர்ந்ததே. படத்திலுள்ள நாய்க்குச் சிக்குப் பிடிப்பதில்லை. வீட்டிலுள்ள நாய்க்கோ வாரத்துக்கு வாரம் பிடிக்கும். அச்சிக்கு எவ்வாறு உண்டாகின்றது, அதனால் விளையும் தீங்கு யாது, அதனை நாய்க்கு நோவின்றி நீக்குவது எங்ஙனம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணைத் தோண்டிய குலம்

டெரியர் என்னும் பெயர், நிலம் எனப் பொருள்படும் 'தெர்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. நிலத்தின் கீழுள்ள வளைகளிற் புகுந்து நரி முதலிய பிராணிகளை வெளியே துரத்துவது இந்நாய்களின் தொழில். இங்கிலாந்திலே நரிவேட்டைக்குச் சென்றோர் குதிரைகளோடும் பெரிய வேட்டை நாய்களோடும் செல்லும்பொழுது, இச்சிறிய நாயையும் உடன்கொண்டு சென்றனர். நரி வளையுள் ஒளித்துக்கொண்டால் அதனைக் கிளப்பும் வேலை இதற்குரியது. முள்ளும் புதரும் சேறும் நிறைந்த நிலத்திலே, எதிர்த்துக் கடிக்கும் விலங்கோடு இருளிற் போரிடும் பிராணிக்குக் கவசம் வேண்டுமன்றோ? அக்கவசமே கம்பி போன்ற உரோமம்.

நரி டெரியரின் இனத்தோரோ பலர். இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிலுள்ள ஏர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே தோன்றிய ஏர்டேல், டெரியர்களுள் மிகப் பெரியது. முதலாம் உலகப் போரிலே போர்முனைச் செய்திகளைச் சுமந்து சென்ற புகழ் அதற்குண்டு. ஜெர்மனியின் ஷ்னவுசரும், நீண்டுடலும் குறுங்காலும் கொண்ட டாக்ஸண்ட் இனத்தின் ஒரு பிரிவும் இத்தகைய உரோமமுடையனவே.

வேட்டைக்களத்து நாய் நாளடைவில் மாளிகையிலும் இடம்பெற்றது. பிரித்தானிய மன்னர் ஏழாம் எட்வேர்ட் வளர்த்த சீஸர் என்னும் நாய் கம்பி மயிர் நரி டெரியரே. 1910ஆம் ஆண்டு மே மாதத்தில் மன்னர் மறைந்தபொழுது, அவரது இறுதி ஊர்வலத்திலே பேழையின் பின்னால், பிற நாட்டு மன்னர்களுக்கும் முன்னதாக, அந்நாய் நடத்திச் செல்லப்பட்டது. அமெரிக்காவிலே 1877ஆம் ஆண்டு தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில் மிகச் சிறந்த நாய்க்குரிய பரிசை 2019ஆம் ஆண்டு வரையில் 15 முறை வென்றதும் இவ்வினமே. அக்காட்சி மேடையில் நிற்கும் நாயின் செப்பமான தோற்றத்தைக் கண்டு மயங்கிக் குட்டி வாங்குவோர் பலர். அத்தோற்றத்தின் பின்னால் எத்தனை மணிநேரக் கைவேலை மறைந்துள்ளதென்பதை அறிவோர் சிலரே.

உரோமத்தின் இயல்பு

கம்பி மயிர் நாயின் மேனியில் இருவகை உரோமம் உண்டு. மேலே காணப்படுவது தடித்து, விறைத்து, சற்றே முறுகி நிற்கும் மேலுரோமம். அதன் அடியில் மென்மையும் அடர்த்தியுமான உள்ளுரோமம் பஞ்சுபோற் படிந்திருக்கும். மேலது முள்ளையும் மழையையும் தடுக்கும். கீழது குளிரைத் தடுக்கும். நரி டெரியரின் இலக்கணத்தை வகுத்த மேனாட்டார், அதன் உரோமத்தைத் தென்னந் தும்பினாற் செய்த தடுக்குக்கு ஒப்பிட்டுள்ளனர். நம் வீட்டு வாயிலிற் கிடக்கும் கால்மிதியை ஒருகணம் தடவிப் பார்ப்போர்க்கு அவ்வுவமையின் பொருத்தம் விளங்கும். நல்ல உரோமத்தை விரலால் விலக்கிப் பார்த்தாலும் தோல் தென்படாத அளவுக்கு அது நெருங்கி வளர்ந்திருத்தல் வேண்டும் என்பதும் அவர்கள் வகுத்த விதி.

முகத்திலோ இவ்வுரோமம் நீண்டு தாடியும் மீசையும் புருவமும் ஆகின்றது; கால்களிலும் நீண்டு தொங்குகின்றது. கம்பித் தன்மையும் தாடி மீசையும் ஒருங்கே காணப்படுவது தற்செயலன்று. 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2009ஆம் ஆண்டிலே ஓர் உண்மையை வெளியிட்டனர். உரோமத்தின் நீளத்துக்கு ஒன்று, சுருளுக்கு ஒன்று, கம்பித் தன்மைக்கும் தாடி மீசைக்கும் சேர்த்து ஒன்று என, மூன்றே பரம்பரையலகுகளின் வேறுபாடுகள், நாயினங்களிற் காணும் உரோம வகைகளுட் பெரும்பாலானவற்றை விளக்கப் போதுமானவை என்பதே அது. எண்ணற்ற தோற்றங்களின் பின்னால் மூன்று காரணங்களே நிற்பது உயிரியல் பயிலும் மாணவர்க்கு வியப்பும் இன்பமும் தரத்தக்கது.

இவ்வுரோமத்துக்கு இன்னுமோர் இயல்புண்டு. குட்டை உரோம நாய் தன் பழைய மயிரை வீடெங்கும் உதிர்த்துவிடும். கம்பி மயிர் நாயோ அவ்வாறு அதிகம் உதிர்ப்பதில்லை. வளர்ச்சி முடிந்த மயிர் மயிர்க்காலிலே தளர்ந்து நின்றும், கழன்ற உள்ளுரோமம் மேலுரோமத்தின் இடையே சிக்குண்டும் மேனியிலேயே தங்கிவிடுகின்றன. கதிரையிலும் பாயிலும் மயிர் ஒட்டாத நாய் என்று இதனைப் பலர் விரும்பி வாங்குவதும் இதனாலேயே. ஆனால், வீட்டில் உதிராத மயிர் எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்பதில்லை. அது நாயின் மேலேயே இருக்கின்றது. சடைக்கு வித்தும் அதுவே.

சடை பிடிப்பது எவ்வாறு?

ஒரு மயிரை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினால் அதன் மேற்பரப்பு வழுவழுப்பாக இராது. கூரை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருப்பது போன்று, நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தனித்தனியே நேராக நிற்கும் மயிர்கள் ஒன்றையொன்று பற்றுவதில்லை. உதிர்ந்த மயிர்கள் தலைமாறிக் கிடந்து, அவற்றின்மேல் ஈரமும் உராய்வும் சேருமானால், ஒன்றின் செதில் மற்றொன்றின் செதிலிற் கொளுவிக்கொள்ளும். ஒவ்வோர் அசைவிலும் பிடி இறுகுமேயன்றித் தளராது. ஆட்டுரோமத்தை வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் நனைத்து அமுக்கித் தேய்த்து, நூற்காமலும் நெய்யாமலும் கெட்டியான கம்பளித் துணி செய்யும் தொழில் மிகப் பழையது. அத்தொழிலில் நிகழ்வது எதுவோ அதுவே சடைபிடித்த நாயின் மேனியிலும் நிகழ்கின்றது.

ஆகவே, உராய்வும் ஈரமும் எங்கு மிகுதியோ அங்கே சடையும் மிகுதி. காதின் பின்புறம், கழுத்துப்பட்டியின் கீழ், முன்னங்கால்கள் உடலோடு சேரும் அக்குள், பின்தொடைகளின் உட்புறம், வாலின் அடி, விரல்களின் இடை, தாடி ஆகியவையே முதன்மையான இடங்கள். தாடி ஒவ்வொரு வேளையும் உணவிலும் நீரிலும் தோய்வதால் நாள்தோறும் சிக்காகும். நடக்கும்போது அக்குள் தேய்கின்றது. சொறியும்போது காது தேய்கின்றது. மழைக்குப்பின் நாயைத் துவாயினால் வட்டமாகப் போட்டுத் தேய்க்கும் நற்பண்பாளரும், தம்மை அறியாமலே கம்பளி செய்யும் தொழிலைச் செய்கின்றனர். துவாயால் அழுத்தி ஒற்றி எடுத்தலே முறை.

இவற்றோடு புறப்பொருள்களும் சேரும். செடிகளின் பெயரிலேயே அவற்றின் இயல்பைப் பொறித்து வைப்பது தமிழரின் வழக்கம். வேலியோரத்து நாயுருவியின் கதிர்கள், அவ்வழியே செல்லும் பிராணியின் மேனியிலும் மனிதரின் உடையிலும் ஒட்டிக்கொண்டு பரவுகின்றன. ஒட்டுப்புல்லின் விதைகளும் அத்தகையனவே. அத்தகைய விதையொன்று உரோமத்திற் புகுந்தால், அதனைச் சுற்றி மயிர் திரண்டு, ஒரே நாளில் கொட்டைப்பாக்களவு திரணை உண்டாகிவிடும்.

சடையின் கீழ் நிகழ்வன

தவசியின் சடை அவர் விரும்பி ஏற்றது. நாயின் சடையோ அதன்மேற் சுமத்தப்பட்ட தண்டனை. வெளியிலிருந்து பார்ப்போர்க்குச் சடை அழகுக் குறைவாக மட்டுமே தோன்றும். அதன் கீழிருக்கும் தோலுக்கு அது அழகைப் பற்றிய செய்தியன்று.

சடை இறுக இறுக, அதனோடு பிணைந்த ஒவ்வொரு மயிரும் தோலை இழுக்கின்றது. நம் தலைமயிரில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தபடி ஒருவர் இரவு பகலாகக் கூடவே நடந்து வருவாராயின் நம் நிலை எவ்வாறிருக்கும்? அக்குளிலே சடையுள்ள நாய்க்கு ஒவ்வோர் அடியும் அத்தகைய நோவே. அது நடக்கச் சோம்புவதையும், தொட்டால் உறுமுவதையும், குழந்தை அணைக்க வரும்பொழுது விலகுவதையும் கண்டு, நாயின் குணம் கெட்டுவிட்டதென்று வீட்டார் கூறுவர். கெட்டது குணமன்று, மேனியே.

அடுத்து, காற்றுப்படாத தோலில் ஈரம் தங்குகின்றது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் நாட்டில், அவ்விடத்திலே பக்றீரியாவும் பூஞ்சணமும் பெருகிப் புண்ணாவதற்குப் பல நாட்கள் செல்லா. உண்ணியும் தெள்ளும் ஒளித்திருக்கச் சடையைவிடச் சிறந்த இடம் வேறில்லை. உண்ணி, நாயின் உயிருக்கே உலைவைக்கும் காய்ச்சலைப் பரப்பவல்லது. சடை மலத்தினாலோ சிறுநீரினாலோ புண்ணின் கசிவினாலோ நனைந்திருக்குமாயின், ஈக்கள் அங்கே முட்டையிடும். ஓரிரு நாளில் புழுக்கள் வெளிப்பட்டுத் தோலை அரிக்கத் தொடங்கும். வீட்டார் துர்நாற்றத்தால் அதனை அறியும்பொழுது நிலைமை பெரும்பாலும் முற்றிவிட்டிருக்கும். நெடுங்காலம் கவனிக்கப்படாத நாய்களின் காலிலே சடை வளையம்போற் சுற்றி இறுகி, இரத்தவோட்டத்தைத் தடைசெய்து, காலையே இழக்கச் செய்வதும் உண்டு. சீப்பு ஒன்றினால் தடுத்திருக்கக் கூடிய துன்பம் இது.

சிக்கெடுக்கும் முறை

இதற்குரிய கருவிகள் பல அல்ல. ஒருபுறம் அகன்ற பற்களும் மறுபுறம் நெருங்கிய பற்களும் கொண்ட உருக்குச் சீப்பு ஒன்று. வளைந்த மெல்லிய கம்பிகள் பதித்த தூரிகை ஒன்று. முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று. இவற்றுக்கு மேலாக வேண்டப்படுவது பொறுமை. அதனை எக்கடையிலும் வாங்க இயலாது.

நாயைச் சற்று உயரமான, வழுக்காத இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சாக்கு அல்லது தும்புத் தடுக்கு விரித்த மேசை போதும். விளையாட்டின் நடுவே பிடித்து இழுத்துவராது, நாய் நடந்து களைத்திருக்கும் மாலைப்பொழுதைத் தெரிந்துகொள்வது நன்று. முதலில் சீப்பை எடுத்தலாகாது. விரல்களால் மேனி முழுவதையும் தடவி, திரணை எங்கெங்கு உள்ளதென்பதை அறிதல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சடையை விரல் காட்டித்தரும்.

சடை ஒன்றைக் கண்டவுடன் அதன்மேற் சிறிது சோளமாவைத் தூவலாம். நாய்களுக்குரிய சிக்கு நீக்கும் தைலத்தைத் தெளித்தாலும் ஆகும். மா, மயிர்களின் இடையே புகுந்து வழுக்கலைத் தரும். பின்னர், தோலுக்கும் சடைக்கும் இடையிலுள்ள மயிரை ஒரு கையின் விரல்களால் இறுகப் பற்றிக்கொள்க. இதுவே இக்கலையின் உயிர்நிலை. மறுகையால் இழுக்கும் இழுப்பு அப்பிடியோடு நின்றுவிடும். தோலைச் சென்று சேராது. தாய்மார் தம் பெண்பிள்ளைகளுக்குத் தலைவாரும்போது, மயிரின் நடுவே பிடித்துக்கொண்டு நுனியைச் சிக்கெடுப்பதும் இதன்பொருட்டே.

இனி, திரணையை விரல்களால் இரண்டாகவும் நான்காகவும் பிரிக்க முயல வேண்டும். மயிரின் போக்கிலேயே, வேரிலிருந்து நுனியை நோக்கிய திசையிற் பிரிக்க வேண்டும், குறுக்கே பிரித்தலாகாது. பிரிந்த சிறு துண்டுகளைச் சீப்பின் நுனிப் பற்களால், வெளிப்புறத்திலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாக உள்நோக்கிக் குத்திக் கலைக்க வேண்டும். அடியிலே சீப்பைப் புகுத்தி ஒரே இழுப்பில் நீக்க முயல்வோர், சடையோடு நாயின் நம்பிக்கையையும் பறித்துவிடுகின்றனர். அடுத்த முறை சீப்பைக் கண்டதும் அது கட்டிலின் கீழ் ஒளித்துக்கொள்ளும்.

சடை கலைந்தபின் அவ்விடத்தின் உரோமத்தை வரிவரியாக வகிர்ந்து, ஒவ்வொரு வரியையும் தோல்வரை வாரிவிட வேண்டும். மேற்பரப்பை மட்டும் தூரிகையால் நீவி, அடியிலுள்ளதைக் காணாது விடுவதே பல வீடுகளில் நிகழ்வது. மேலே பளபளப்பும் கீழே கம்பளியுமாக நாய் காட்சியளிக்கும். அகன்ற பற்சீப்பு எங்கும் தடையின்றிச் சென்றபின், நெருங்கிய பற்சீப்பும் தடையின்றிச் செல்லுமாயின், வேலை முடிந்ததென்று கொள்ளலாம்.

ஒரு சடை எவ்வாற்றானும் பிரியவில்லையெனின் அதனை வெட்டி நீக்க நேரிடும். இங்கே பெரும் அவதானம் வேண்டும். நாயின் தோல் மெல்லியது, எளிதில் இழுபடுவது. சடையைத் தூக்கிப் பிடித்தால் தோலும் கூடாரம்போல் அதனுள் எழும்பி நிற்கும். அந்நிலையில் கத்தரிக்கோலை வைத்தால் மயிரோடு தோலும் அறுபடும். ஆதலின், முதலில் சடைக்கும் தோலுக்கும் இடையே சீப்பைச் செலுத்தி வைத்து, அச்சீப்பின் மேற்புறத்திலேயே வெட்ட வேண்டும். சீப்பு நுழைய இடமில்லையாயின் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவதே அறிவுடைமை. அது மின்சார மயிர்வெட்டியைக் கையாளத் தெரிந்தவரின் வேலை.

கால்விரல்களின் இடையே தார் அல்லது பிசின் ஒட்டியிருப்பின், சிறிது தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டால் இளகும். மண்ணெண்ணெய், பெற்றோல், ரேப்பன்ரைன் முதலியவற்றை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அவை தோலைச் சுடுவதோடு, நாய் தன் காலை நக்கும்பொழுது வயிற்றிலும் சென்று நஞ்சாகும்.

முன் வாருதல், பின் நீராட்டல்

சடை கண்டவுடன் நாயைக் குளிப்பாட்டி, ஈரத்தோடு சிக்கெடுக்க முயல்வது பொதுவான தவறு. முன்னர் கூறிய கம்பளித் தொழிலை நினைவிற் கொண்டால் அதன் பயன் என்னவென்று எளிதில் விளங்கும். நனைந்த சடை உலரும்பொழுது முன்னிலும் இறுகிக் கல்லாகும்; அதனுள் தங்கிய சவர்க்காரம் தோலை அரிக்கும். ஆதலால், முதலில் வாருதல், பின்னர் நீராட்டல், உலர்ந்தபின் மீண்டும் வாருதல் என்பதே முறை.

நாம் தலைக்கிடும் ஷாம்பூவும் நாய்க்கு ஏற்றதன்று. மனிதத் தோல் சற்று அமிலத் தன்மையுடையது. நாயின் தோல் அதனிலும் நடுநிலைக்கு நெருங்கியது. நாய்க்கென ஆக்கப்பட்டதையே பயன்படுத்துதல் வேண்டும். கம்பி மயிர் நாயை அடிக்கடி குளிப்பாட்டுவதும் நன்றன்று. அடிக்கடி நீராட்டினால் உரோமத்தின் விறைப்புக் குறையும். சேறு உலர்ந்தபின் தூரிகையால் தட்டிவிட்டாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். தாடியை மட்டும் உணவின்பின் நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்து, உலர ஒற்றி, வாரிவிடல் வேண்டும்.

பறித்தலும் கத்தரித்தலும்

சிக்கெடுத்தல் நோய்க்கு மருந்து. நோய் வராது காப்பது பறித்தல். வளர்ச்சி முடிந்த கம்பி மயிரை, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சிலவாகப் பற்றி, அது வளரும் திசையிலேயே இழுத்தால் எளிதாகக் கழன்றுவரும். கேட்போர்க்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயின், முற்றிய மயிர் மயிர்க்காலிலே ஏற்கெனவே தளர்ந்து நிற்பதால், உரிய காலத்திற் செய்தால் நோவு மிகச் சிறிது. பழுத்த ஓலை தானே கழல்வதற்கும், குருத்தோலையைப் பிய்ப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உள்ளது. மயிர் எளிதில் வராவிடின் அது முற்றவில்லை என்பது பொருள். அப்பொழுது விட்டுவிடல் வேண்டும். பொதுவாக ஆண்டுக்கு இருமுறை இவ்வாறு உடலின் மேலுரோமத்தை முழுவதும் பறிப்பர். சிலர் சில வாரங்களுக்கொருமுறை சிறிது சிறிதாகப் பறித்து, மேனியை எப்பொழுதும் ஒரே சீராக வைத்திருப்பர். பறித்த இடத்தில் மீண்டும் விறைப்பும் நிறமும் மிக்க புதிய கம்பி மயிர் முளைக்கும்.

பறிப்பதற்குப் பதிலாக மின்சார மயிர்வெட்டியால் கத்தரிப்பது விரைவானது, செலவும் குறைவு. ஆனால், கத்தரிக்கும்போது விறைத்த நுனி போய், மெல்லிய அடிப்பகுதி மட்டும் தோலில் நிற்கும். பழைய மயிர் வெளியேறாமையால் புதியது முறையாக எழுவதில்லை. நாளடைவில் மேனி மென்மையாகி, நிறம் வெளிறி, உள்ளுரோமமே மேலோங்கும். மென்மையான உரோமம் கம்பியைவிட எளிதிற் சிக்காகும். எனவே, கத்தரிக்கப்பட்ட கம்பி மயிர் நாய்க்குச் சீப்பு வேலை குறைவதில்லை, கூடுகின்றது.

அழகா, ஆறுதலா?

இங்கே ஒரு வினா எழும். மேனி முழுவதும் சடைபிடித்த நாயைப் பல மணிநேரம் வைத்துச் சிக்கெடுத்து அதன் உரோமத்தைக் காப்பதா? அன்றி, முழுவதையும் மழித்துவிடுவதா? இனத்துக்குரிய அழகைப் போற்றுவோர் முதலாவதையே நாடுவர். நாயின் பக்கமிருந்து நோக்கினால் விடை வேறாகும். ஓரிரு திரணைகளைப் பொறுமையாகக் கலைக்கலாம். தோலோடு ஒட்டிப் போர்வைபோற் படிந்த சடையைச் சீப்பினால் நீக்க முயல்வது சித்திரவதை. மயிர் மீண்டும் வளரும். நாயின் நம்பிக்கை அவ்வளவு எளிதில் வளராது. நாய்க்குக் கண்காட்சிப் பரிசில் நாட்டமில்லை. அது வேண்டுவது நோவின்றி உறங்குவது.

அத்தகைய நிலையில் மிருக வைத்தியரிடமோ பயிற்சிபெற்றவரிடமோ கொண்டு செல்வதே தகுந்தது. தேவையாயின் மயக்க மருந்து கொடுத்து மழிப்பர். மழித்தபின் தோல் சிவந்தும் புண்பட்டும் காணப்படலாம். அது மழித்தவரின் குற்றமன்று. சடையின் கீழ் முன்னரே இருந்தது இப்பொழுது வெளிப்பட்டது. நீண்டநாட் சடையிலிருந்து விடுபட்ட காதுகளை நாய் ஓயாது உதறுமாயின், காதின் உள்ளே இரத்தம் கட்டி வீங்கக் கூடும். ஆதலின் சில நாட்கள் அதனைக் கவனித்தல் வேண்டும். மழித்த மேனி நண்பகல் வெயிலைத் தாங்காது. புதிய உரோமம் எழும்வரை நிழலில் வைத்திருத்தல் நன்று.

குட்டி வாங்கும் முன்னர்

இவையனைத்தையும் படித்தபின், இவ்வளவு தொல்லை வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அது நல்ல கேள்வியே. ஆனால் அதனைக் குட்டி வாங்குமுன் கேட்டல் வேண்டும். வாங்கியபின் கேட்டுப் பயனில்லை. குளிர்நாட்டுப் புதர்களுக்கென ஆக்கப்பட்ட கவசத்தோடு ஒரு பிராணியை நம் வெப்பநாட்டு வீட்டுக்குக் கொணரும்பொழுது, அக்கவசத்தைப் பேணும் பொறுப்பையும் நாம் கூடவே கொணர்கின்றோம். நாளைக்குப் பத்து நிமிடம் அதற்கென ஒதுக்க வீட்டில் யார் உளர் என்ற வினாவுக்கு விடையில்லையாயின், நம் தெருவிலே ஆதரவற்றுத் திரியும் குட்டை உரோமக் குட்டியொன்றை எடுத்து வளர்ப்பதே அறமும் அறிவுமாகும். நன்றியறிதலில் அது எந்த மேனாட்டு நாய்க்கும் குறைந்ததன்று.

பத்து நிமிடம் ஒதுக்கக் கூடியோர், குட்டிப் பருவத்திலேயே பழக்கத்தைத் தொடங்குதல் வேண்டும். சிக்கு இல்லாதபோதே சீப்பைக் காட்டி, காலையும் காதையும் தாடியையும் மென்மையாகத் தொட்டு, முடிவில் சிறு தின்பண்டம் ஒன்றைக் கொடுத்து வந்தால், சீப்பு என்பது அன்பின் அடையாளம் என்று குட்டி உணர்ந்துகொள்ளும். இப்பணியை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது சாலச் சிறந்தது. காதின் பின்புறம் திங்கள், வியாழன். கால்களும் அக்குளும் செவ்வாய், வெள்ளி. தாடி நாள்தோறும் எனக் குறித்துக்கொடுத்தால், பாடவேலைக்கு இடையூறின்றி அவர்கள் அதனைச் செய்து முடிப்பர். பெரியோர் வாரத்துக்கொருமுறை நெருங்கிய பற்சீப்பால் சோதித்துப் பார்த்தாற் போதும்.

வாய்பேசாத உயிரொன்றின் நோவை அது சொல்லாமலே அறிந்து நீக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளை மனிதரின் நோவையும் அவ்வாறே அறியும். பாடசாலைகளில் நாம் எத்தனையோ நற்பண்புகளைச் சொல்லிக்கொடுக்கின்றோம். அவற்றுட் சில சொல்லி வருவன அல்ல. கையாற் செய்து வருவன. வீட்டு முற்றத்திலே ஒரு சீப்பும், பொறுமையோடு நிற்கும் ஒரு நாயும் இருக்குமாயின், அப்பாடத்துக்கு வேறு ஆசிரியர் வேண்டியதில்லை.